கோழிக்குச் சளி: வன்னியில் கோழி வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒட்டுசுட்டான் பக்கத்தில் நானூறு முட்டைக் கோழிகள் வளர்க்கிறேன். நான் கால்நடை வைத்தியன் அல்லன். ஆனாலும் மாரி தொடங்கியதும் நெடுங்கேணியிலிருந்தோ மல்லாவியிலிருந்தோ யாராவது ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "கோழிக்குச் சளி பிடித்திருக்கிறது, என்ன மருந்து போடலாம்?" என்று கேட்பார். அவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். மருந்தின் அளவு எதுவும் இதில் இல்லை. அதை உங்கள் பிரதேசத்து அரச கால்நடை வைத்தியர்தான் எழுதித் தரவேண்டும்.

கோழி தும்முகிறது. எப்போது அதை நோய் என்று எடுத்துக்கொள்வது?

பகலில் தும்முவதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. தீவனத் தூசி பறந்தாலும் கோழி தும்மும். இரவில் போய்க் கேளுங்கள். விளக்கை அணைத்து இருபது நிமிடம் சென்றபின், வெளிச்சம் இல்லாமல் கூட்டுக்குள் போய் ஓர் ஓரமாக நில்லுங்கள். நலமாக இருக்கும் கூட்டில் சிறகு அசைவும் இடைக்கிடை ஒரு முனகலும்தான் கேட்கும். நோய் நுழைந்த கூட்டில் அங்குமிங்குமாகச் சிறு தும்மல்கள் தெறிக்கும். அவற்றுக்கு அடியில், சுருட்டுப் பிடிக்கும் கிழவரின் நெஞ்சுச்சளி போல ஒரு கொறகொறப்பும் இருக்கும். சந்தேகமான கோழியைத் தூக்கி முதுகில் காதை வைத்தால் அந்தக் கொறகொறப்பு தெளிவாகக் கேட்கும்.

ஐந்து நிமிடத்தில் எத்தனை தும்மல் என்று எண்ணி எழுதிவையுங்கள். இத்தனைக்கு மேல் போனால் நோய் என்று எல்லாருக்கும் பொதுவான கணக்குக் கிடையாது. உங்கள் கூட்டின் நேற்றைய எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்துவைத்தால் வைத்தியருக்கும் போட்டுக் காட்டலாம். வெளிநாட்டுப் பெரும்பண்ணைகளில் இதே வேலையைக் கூரையில் தொங்கும் ஒலிவாங்கிகளையும் கணினியையும் கொண்டு செய்து பார்க்கிறார்கள். நமக்குக் காது இருக்கிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. இராணிக்கெட் என்ற வைரசு நோய்க்கு உயிருள்ள தடுப்புமருந்து கொடுத்த பிறகு சில நாட்கள் இலேசாகத் தும்முவது வழமை. ஒரு வாரம் கடந்தும் அது ஓயாவிட்டால், உள்ளே வேறொன்று ஏற்கெனவே குடியிருந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். பெரும்பாலும் அது மைக்கோபிளாஸ்மா என்ற பற்றீரியாவாக இருக்கும்.

கொப்பியில் என்ன எழுதவேண்டும்?

ஐந்து விடயங்கள்: செத்தவை, தின்ற தீவனம், குடித்த தண்ணீர், இட்ட முட்டை, இரவுத் தும்மல். எப்போதும் ஒரே நேரத்தில், ஒரே ஆள் எழுதவேண்டும்.

இவற்றில் பலரும் விட்டுவிடுவது தண்ணீர். முட்டைக் கோழி ஒன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய 115 கிராம் தீவனம் தின்று, அதன் நிறையைப் போல இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும். சித்திரை வைகாசி வெயிலில் இன்னும் கூடும். என் நானூறு கோழிகளுக்கு 46 கிலோ தீவனமும் தொண்ணூறு லீற்றர் தண்ணீரும் என்று வையுங்கள். நோய் வரும்போது பெரும்பாலும் தண்ணீர்தான் முதலில் குறையும். தாங்கியில் சுண்ணாம்பால் கோடுகள் போட்டு வைத்தால் போதும், மீற்றர் தேவையில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மாதம் என் கொப்பியில் முட்டைக் கணக்கு இப்படி இருந்தது: 340, 338, 331, 322, 309. ஒவ்வொரு நாளும் பார்த்தபோது எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. மழை, குளிர், நேரம் முந்திய இருட்டு என்று ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் எனக்குக் கிடைத்தது. ஐந்தாம் நாள் ஐந்து எண்களையும் ஒன்றாகப் பார்த்தபோதுதான் ஒன்பது வீதம் போய்விட்டது என்று விளங்கியது. அப்போதும் ஒரு கோழிகூடச் சாகவில்லை. பற்றீரியாவால் வரும் சுவாச நோய் பலவேளைகளில் இப்படித்தான் வருகிறது. சாவை எண்ணிக்கொண்டிருப்பவர்களின் கண்ணில் அது படாது.

முகம் வீங்கி, மூக்கிலிருந்து நாற்றத்தோடு நீர் வடிகிறது. இது என்ன?

கண்ணைச் சுற்றி முகம் ஊதி, மூக்குநீர் நாறி, இரண்டு மூன்று நாளுக்குள் கூடு முழுக்கப் பரவினால் முதலில் நினைக்கவேண்டியது கொறைசா. ஏவிபற்றீரியம் பராகலினேரம் என்ற பற்றீரியா அதற்குக் காரணம். தொற்றிய ஒன்று முதல் மூன்று நாளுக்குள் அறிகுறி தெரியும். வேறு நோய் கூட்டுச் சேராவிட்டால் சாவு குறைவு. ஆனால் முட்டை வெகுவாக விழும்.

மைக்கோபிளாஸ்மா கலிசெப்டிக்கம் இதற்கு நேர்மாறு. ஆறு நாள் முதல் மூன்று வாரம்வரை, சிலவேளை அதற்கும் மேல், பதுங்கியிருந்து மெல்ல மெல்லப் பரவும். கண்ணோரத்தில் சவர்க்கார நுரை போன்ற குமிழ்கள், கொறகொறப்பு, இறைச்சிக் கோழியில் நிறை ஏறாமை ஆகியவை அதன் அடையாளங்கள். அது தனியாக வந்தால் கோழி பெரும்பாலும் தாங்கிவிடும். ஈ கோலை என்ற இன்னொரு பற்றீரியா பின்னால் வந்து சேரும்போதுதான், நுரையீரலோடு இணைந்த காற்றுப்பைகள் தடித்து, ஈரலின்மேலும் இதயத்தின்மேலும் பாற்கட்டி போன்ற மஞ்சள் படலம் மூடிக் கோழி சாகத் தொடங்கும். நாட்பட்ட சுவாச நோய் என்று புத்தகங்கள் சொல்வது இந்தக் கூட்டணியைத்தான்.

பஸ்ரூரெல்லாவால் வரும் கோழிக் கொலராவில் நேற்று மாலை நன்றாக நின்ற கோழி காலையில் செத்துக் கிடக்கும். அல்லது நோய் இழுபட்டு, அலகின்கீழ்த் தொங்கும் தாடி ஒருபக்கம் வீங்கும். எலிகளும் பூனைகளும் அந்தக் கிருமியைக் காவும். இன்னொன்று ஓர்னிதோபற்றீரியம், அதற்கு 1994இல்தான் பெயர் வைத்தார்கள். காற்றுப்பையில் தயிர் போன்ற நுரைத்த சீழ் அதன் அடையாளம்.

இவ்வளவையும் படித்துவிட்டு, "முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன்" என்று நினைக்கவேண்டாம். அனுபவமுள்ள வைத்தியர்களே சோதனை முடிவு வரும்வரை பெயர் சொல்லத் தயங்குவார்கள்.

இது வைரசா, பற்றீரியாவா என்று எப்படி அறிவது?

வெளியிலிருந்து உறுதியாக அறிய முடியாது. சில சாடைகள் மட்டும் உண்டு. ஒன்றிரண்டு நாளில் கூடு முழுவதும் தும்மி, முட்டை ஓடு சுருங்கி, உடைத்துப் பார்த்தால் வெள்ளைக்கரு தண்ணீராக ஓடினால் தொற்றும் மூச்சுக்குழாய் அழற்சி வைரசை நினைக்கவேண்டும். பச்சைக் கழிச்சலும் கழுத்து முறுகலும் இருந்தால் அது இராணிக்கெட்டாக இருக்கலாம்.

கோழிகள் கும்பலாகத் திடீரெனச் சாகின்றனவா? தலைப்பூவும் (கொண்டை) தாடியும் நீலம் பாரித்திருக்கின்றனவா? அப்படியானால் எதையும் தொடவேண்டாம், அறுக்கவேண்டாம், விற்கவேண்டாம். கேற்றைப் பூட்டிவிட்டு உடனே கால்நடை வைத்தியருக்கு அறிவியுங்கள். பறவைக் காய்ச்சல் இல்லை என்று அவர் சொன்ன பிறகுதான் மற்றப் பேச்சு.

எங்கள் ஊர்க்கோழிகள் நன்றாகத்தானே திரிகின்றன. அவற்றிலிருந்து வருமா?

வரும். கொறைசாவிலும் மைக்கோபிளாஸ்மாவிலும் பிழைத்தெழுந்த கோழி நலமாகத் தெரியும். ஆனால் கிருமியைத் தொடர்ந்து சுமக்கும். முற்றத்தில் கொழுத்துத் திரியும் பேடுதான் கூட்டுக்குள் அடைத்திருக்கும் கலப்பினக் கோழிகளுக்கு ஆபத்து.

வன்னிக்கே உரிய இன்னொரு விருந்தாளி மயில். சிந்திய தீவனத்துக்காகக் காலையிலும் மாலையிலும் வரும். மயிலுக்கும் மைக்கோபிளாஸ்மா தொற்றும். மயிலை எவராலும் தடுத்துவிட முடியாது. வெளியே தீவனம் சிந்தாமல் பார்க்கலாம், கம்பிவலையின் அடிப்பகுதியைச் சரிசெய்யலாம்.

மாதிரி எப்படி எடுத்து அனுப்புவது?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் வாசிப்பதானால் இதை வாசியுங்கள். மருந்து போடுமுன் மாதிரி எடுக்கவேண்டும். நுண்ணுயிர்க்கொல்லி ஒரு நாள் உள்ளே போனாலே ஆய்வுகூடத்தில் கிருமி வளராமல் போகலாம். பிறகு வரும் "ஒன்றும் இல்லை" என்ற முடிவுக்கு அர்த்தம் கிடையாது.

இரண்டாவது, எந்தக் கோழியைத் தெரிவது என்பது. ஒரு மாதமாக மெலிந்து மூலையில் குந்தியிருக்கும் கோழியைத்தான் எல்லாரும் தூக்கித் தருவார்கள், அது எப்படியும் சாகும் என்ற கணக்கில். அந்தக் கோழியில் முதல் கிருமி போய் நான்கு வேறு கிருமிகள் குடியேறியிருக்கும். நேற்றோ இன்றோ நோய் தொடங்கிய, இன்னும் தீவனம் தின்கின்ற இரண்டு மூன்று கோழிகளைக் கொடுங்கள். மனம் கேளாதுதான்.

பஞ்சுக்குச்சியால் மூச்சுக்குழாயிலிருந்தோ அண்ணப் பிளவிலிருந்தோ சளி எடுப்பதையும், சிறகு நரம்பில் இரத்தம் எடுப்பதையும் வைத்தியரோ கால்நடை அலுவலக உத்தியோகத்தரோ செய்வார்கள். இரத்தம் எடுத்த சோதனைக் குழாயை நிழலில் சரித்து வைத்து, குலுக்காமல், உறையும்வரை விடவேண்டும். எடுத்த கையோடு ஐஸில் வைத்தால் நீர்ப்பாயம் (இரத்தம் உறைந்தபின் தெளிந்து நிற்கும் நீர்) ஒழுங்காகப் பிரியாது. சளிக் குச்சிகளையும் செத்த கோழியையும் குளிரில் வைக்கவேண்டும். ஆனால் உறையவிடக்கூடாது, கிருமியை வளர்த்துப் பார்ப்பதற்கு உறைந்த மாதிரி உதவாது.

மீன் வியாபாரிகள் வைத்திருக்கும் றெஜிபோம் பெட்டி (குளிர் காக்கும் வெள்ளை நுரைப் பெட்டி) இதற்கு நல்லது. செத்த கோழியை இரண்டு பொலித்தீன் பைகளில் கட்டி, ஐஸ் நேரே படாமல் கடதாசி சுற்றி வைக்கலாம். பெட்டிக்குள் ஒரு தாள் வையுங்கள்: கோழியின் வயது, மொத்த எண்ணிக்கை, நோய் தொடங்கிய நாள், இதுவரை கொடுத்த தடுப்புமருந்துகள், கொடுத்த மருந்துகள், கொப்பியின் கடைசி இரண்டு வாரப் பக்கத்தின் பிரதி. மேல்நிலைச் சோதனை தேவைப்பட்டால் மாதிரி கண்டிக்கு அருகே கன்னொறுவையில் உள்ள கால்நடை ஆராய்ச்சி நிறுவனம்வரை போகவேண்டியிருக்கும். ஏ9 வீதி வழியே அது நீண்ட பயணம். வெள்ளிக்கிழமையிலும் போயா (பௌர்ணமி விடுமுறை) நாளுக்கு முதல் நாளிலும் அனுப்பாதீர்கள்.

எத்தனை கோழியில் இரத்தம் எடுக்கவேண்டும்? ஐந்து போதாதா?

எல்லாம் தும்மும்போது ஐந்து போதும். ஒன்றும் தும்மாதபோது, "என் கூட்டில் மைக்கோபிளாஸ்மா இல்லை" என்று சொல்லத்தான் கூடுதல் எண்ணிக்கை வேண்டும். பத்தில் ஒரு கோழிக்குத் தொற்று இருக்கிறது என்று வையுங்கள். பெரிய கூட்டத்தில் எழுந்தமானமாக முப்பது கோழிகளைச் சோதித்தால், அவற்றில் ஒன்றாவது பிடிபடும் வாய்ப்பு 95 வீதம். இருபதில் ஒன்றுக்குத்தான் தொற்று என்றால் அறுபது வேண்டும். ஐந்தை மட்டும் எடுத்தால் முதல் நிலையிலேயே ஐந்தும் நலமானவையாக வருவதற்கு அரைவாசிக்கு மேல் வாய்ப்பு உண்டு. கையில் இலகுவாகப் பிடிபடும் கோழிகளை மட்டும் எடுத்தால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது.

முடிவுத் தாளை எப்படி வாசிப்பது?

மைக்கோபிளாஸ்மாவுக்கு முதலில் செய்வது தட்டுத் திரட்டல் சோதனை. ஒரு சொட்டு நீர்ப்பாயத்தோடு நிறமூட்டிய கிருமிக் கரைசலில் ஒரு சொட்டைக் கலந்து, தட்டைச் சாய்த்துச் சாய்த்து ஏறக்குறைய இரண்டு நிமிடம் பார்ப்பார்கள். மணல் மணலாகத் திரண்டால் பிறபொருளெதிரி, அதாவது கிருமியை எதிர்க்கக் கோழியின் உடல் உண்டாக்கும் பொருள், இருக்கிறது என்று பொருள். மலிவானது, விரைவானது; ஆனால் பொய்யும் சொல்லும். எண்ணெய் கலந்த தடுப்பூசி போட்ட சில வாரங்களிலும், உறையவைத்துப் பழுதாகிய நீர்ப்பாயத்திலும் தொற்று இல்லாமலே திரளும். ஆகவே ஓரிரு கோழிகள் மட்டும் திரண்டால் எலைசா போன்ற இன்னொரு சோதனையால் உறுதிப்படுத்தவேண்டும்.

மறுபக்கமும் உண்டு. தொற்றி ஒரு வாரம் கடக்கும்வரை பிறபொருளெதிரி பிடிபடாது. இன்று இல்லை என்று வந்தால் இரண்டு மூன்று வாரம் கழித்து மீண்டும் எடுப்பதுதான் முறை. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கூட்டத்தில் நோய் ஏறுகிறதா, நிற்கிறதா என்று தெரியும்.

பி.சி.ஆர். கிருமியின் மரபுப்பொருளையே தேடுவதால் நோயின் தொடக்கத்திலேயே சொல்லிவிடும். வளர்ப்புச் சோதனை பொறுமை கேட்கும். மைக்கோபிளாஸ்மா வளர மூன்று வாரம்வரை ஆகலாம். வளர்ந்தால் நுணுக்குக்காட்டியில் பொரித்த முட்டை போலத் தெரியும். முட்டைக்காரருக்கு முட்டை வடிவிலேயே சத்துரு! கொறைசாக் கிருமியோ தனியே வளராது. தட்டில் வேறொரு பற்றீரியாவைக் கோடிழுத்தால், அதன் ஓரத்தில் மட்டும் பனித்துளிபோல முளைக்கும்.

மருந்து போட்டதும் நின்றது. ஒரு மாதத்தில் ஏன் திரும்பி வந்தது?

மருந்து நோயை அடக்கும். கூட்டத்திலிருந்து கிருமியை முழுவதும் துடைக்காது.

அதோடு மருந்தே பிழையாக இருந்திருக்கலாம். அந்தக் கார்த்திகையில் நான் செய்தது அதுதான். வீட்டில் மீதியிருந்த அமொக்சிசிலினை ஐந்து நாள் தண்ணீரில் கலந்து கொடுத்தேன். அந்த வகை மருந்து பற்றீரியாவின் கலச்சுவரைத் தாக்குவது. மைக்கோபிளாஸ்மாவுக்குக் கலச்சுவரே கிடையாது. இல்லாத சுவரை ஐந்து நாள் இடித்திருக்கிறேன். அதற்குள் மாதிரி எடுக்கும் காலமும் போய்விட்டது.

தண்ணீரும் காரணமாகலாம். நம் கிணறுகள் பலவற்றில் வன்னீர்; கேத்தலின் அடியைப் பாருங்கள், வெள்ளையாகப் படிந்திருக்கும். அந்தக் கல்சியம் தெத்திரசைக்கிளின் வகை மருந்துகளைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தீவனத்தில் போடும் சிப்பித்தூளும் அப்படியே. மருந்தை எழுதும்போதே கிணற்றைப் பற்றி வைத்தியரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். தையாமுலின் என்ற மருந்து மைக்கோபிளாஸ்மாவுக்கு நன்றாக வேலைசெய்யும். ஆனால் தீவனத்தில் இரத்தக் கழிச்சலுக்காக மொனென்சின், சலினோமைசின், நராசின் ஆகியவற்றில் ஒன்று கலந்திருந்தால் இரண்டும் சேர்ந்து கோழியைக் கொன்றுவிடும். தீவனப் பையின் சீட்டைக் கிழித்தெறியாமல் வைத்திருங்கள்.

மருந்து கொடுக்கும் நாட்களில் முட்டை விற்கலாமா?

மருந்து கொடுத்தபின் முட்டையை விற்காமல் விடவேண்டிய நாட்களைத் தவிர்ப்புக் காலம் என்பார்கள். அது மருந்துக்கு மருந்து வேறு. சீட்டில் உள்ள நாட்கள் முடியும்வரை விற்கவேண்டாம், வீட்டிலும் சமைக்கவேண்டாம்.

இந்தச் சளி எங்களுக்குத் தொற்றுமா?

கொறைசாவும் கோழி மைக்கோபிளாஸ்மாவும் மனிதரை நோயாளியாக்குவதில்லை. பஸ்ரூரெல்லா காயத்தின் வழியே தொற்றக்கூடும். கையில் வெட்டு இருந்தால் கையுறை போடுங்கள்.

எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியுமா?

பலவேளைகளில் முடியும், கொப்பி இருந்தால். நோயின் பதுங்கு காலத்தை வைத்துப் பின்னோக்கி எண்ணவேண்டும். கொறைசா என்றால் முதல் தும்மலுக்கு முந்திய மூன்று நாளில் யார் வந்தார், என்ன வந்தது என்று பாருங்கள். மைக்கோபிளாஸ்மா என்றால் மூன்று வாரம். அதிலும் பிடிபடாவிட்டால் குஞ்சு வந்த நாள்வரை போகவேண்டும். மைக்கோபிளாஸ்மா தாய்க்கோழியிலிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கு இறங்கும். கொறைசா அப்படி இறங்காது. அதனால் குஞ்சு வாங்கும்போது தாய்க்கூட்டத்தின் சோதனைத் தாளைக் கேட்பது உங்கள் உரிமை.

ஒருமுறை முத்தையன்கட்டு வாய்க்காலோரம் ஐந்து வீடுகளில் அடுத்தடுத்துக் கொறைசா வந்தது. காற்றில் பரவியது என்றுதான் எல்லாரும் சொன்னோம். ஒரு தாளில் வீடுகளை வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் முதல் தும்மல் நாளை எழுதினோம். பக்கத்து வீட்டில் ஒன்றுமில்லை. இரண்டு கிலோமீற்றர் தள்ளியுள்ள வீட்டில் இரண்டாம் நாளே வந்திருந்தது. காற்று அப்படி வீடு தாண்டித் தாண்டிப் போகாது. மோட்டார் சைக்கிளின் பின்னால் கூடை கட்டி ஊர்க்கோழி வாங்கவரும் வியாபாரியின் பாதை அந்த நாட்களோடு ஒத்துப்போனது. அவர்மேலும் பிழையில்லை; கூடையை யாரும் அவரைக் கழுவச் சொன்னதில்லை. இப்போது படலைக்கு வெளியே வைத்து விற்கிறோம்.

கடையிலிருந்து திரும்பி வரும் கடதாசி முட்டைத் தட்டுகளையும் மறக்கவேண்டாம். அவற்றைக் கழுவ முடியாது. பிளாஸ்ரிக் தட்டு வாங்கினால் கழுவி வெயிலில் வைக்கலாம்.

ஏன் எப்போதும் மாரியில்தான் வருகிறது?

வாடைக்காற்றுக்குப் பயந்து தறப்பாளை நான்கு பக்கமும் இறக்கிவிடுகிறோம். தரையில் பரப்பிய உமி ஈரமாகி அமோனியா எழுந்து உள்ளேயே நிற்கிறது. மூச்சுக்குழாயின் உட்புறத்தில் தூசியையும் கிருமியையும் மேலே தள்ளும் நுண்ணிய பிசிர்கள் உண்டு. அமோனியா 25 பி.பி.எம். (காற்றின் பத்து இலட்சம் பங்கில் 25 பங்கு) அளவுக்கு வந்தால் அவை செயலிழக்கத் தொடங்கும். கருவி இல்லாவிட்டால் விடியற்காலையில் கூட்டுக்குள் குந்தி, கோழியின் தலை மட்டத்தில் மூச்சை இழுங்கள். நின்றபடி மணந்தால் தெரியாது. கண் எரிந்தால் அளவு எப்போதோ தாண்டிவிட்டது. உமியை ஒரு கைப்பிடி அள்ளி இறுக்குங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் நல்லது. கொழுக்கட்டை போல நின்றால் கிளறிக் காயவிடவேண்டும். தறப்பாளின் மேல்பக்கத்தில் ஒரு முழம் எப்போதும் திறந்திருக்கட்டும்.

தடுப்பூசி இல்லையா?

கொறைசாவுக்கும் மைக்கோபிளாஸ்மாவுக்கும் உலகில் தடுப்பூசிகள் உண்டு. கொறைசாக் கிருமியில் ஏ, பி, சி என்று மூன்று வகை. உங்கள் ஊரில் திரிவது தடுப்பூசியில் இல்லாத வகை என்றால் பயன் குறைவு. எந்த வகை என்று தெரிய மாதிரி வேண்டும். மைக்கோபிளாஸ்மாத் தடுப்பூசி போட்டால், அதன்பின் இரத்தச் சோதனையால் தொற்றையும் ஊசியையும் பிரித்தறிவது கடினம். வைத்தியரோடு பேசாமல் தொடங்கவேண்டாம்.

ஒரு கூட்டில் வந்துவிட்டது. மற்றக் கூட்டை எப்படிக் காப்பது?

வேலையின் ஒழுங்கை மாற்றுங்கள். முதலில் குஞ்சுக் கூடு, பிறகு நலமான பெரிய கூடு, கடைசியாக நோய்க் கூடு. அங்கிருந்து திரும்பி வராமல் குளிக்கப் போங்கள். மைக்கோபிளாஸ்மா வெளியே நீண்ட காலம் தாங்காது. ஆனால் இறகிலும் உடுப்பிலும் சில நாட்கள் ஒட்டியிருந்தால் அடுத்த கூட்டுக்குப் போக அதுவே போதும்.

வயது கலந்து வளர்த்தால் நோய் ஒருநாளும் முடியாது. பழைய கூட்டம் முழுவதையும் கழித்து, உமியை அள்ளி, முதலில் சவர்க்காரத் தண்ணீரால் கழுவிக் காய்ந்தபின் தொற்றுநீக்கி அடித்து, குறைந்தது இரண்டு வாரம் வெறுமையாக விடுங்கள். எச்சத்தின்மேல் தொற்றுநீக்கி அடிப்பது வீண் செலவு.

ஒவ்வொரு கூட்டு வாசலிலும் அந்தக் கூட்டுக்கென்று ஒரு சோடி செருப்பு வையுங்கள். என் மாமாவுக்கு முதலில் இது அவமானமாகப் பட்டது; "என் செருப்பில் என்ன நோய்?" என்று கேட்டு ஒரு மாதம் வரவே இல்லை. இப்போது வருகிறார். படலையில் நின்றபடியே கூப்பிட்டு முட்டை வாங்கிக்கொண்டு போகிறார்.